சுமைக்காரன் ஹன்ரோகுவுக்கு விழுந்த கும்பிடு

எங்கள் தோச்சிசாவா ஊரில் பிறந்து வாழ்ந்து, அரசாங்கத்திடம் எந்தப் பட்டமும் வாங்காமல் போய்ச் சேர்ந்தவர்களில் செருப்புக்கடை ஒஷிமோ முதன்மையானவள். அவளைப் பற்றி ஒரு குறிப்பாவது எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுதத் தலைநகர் எடோவில் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுகிற கதைகளில் ஒரு எதிரியை மண்ணைக் கவ்வ வைக்கப் பத்தாயிரம் பேர் கொண்ட படை தேவைப்படுகிறது. ஒஷிமோவுக்கு முள்ளங்கி ஊறுகாய் போடுகிற ஜாடி ஒன்று போதுமாக இருந்தது. சிக்கனத்துக்காகவாவது அவள் பெயர் நிற்க வேண்டும்.

நாட்டை ஆள்கிற ஷோகுன் குடிக்கிற தேயிலை மேற்கே ஊஜியில் விளைகிறது. ஷோகுனோ கிழக்கே எடோவில் இருக்கிறார். நடுவில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஊரின் பூகோளமும் சரித்திரமும் இவ்வளவுதான்.

வருஷா வருஷம் ஐந்தாம் மாத மழைக்காலத்தில் புதுத் தேயிலை நிரம்பிய ஜாடிகள் பல்லக்கில் ஏறி எங்கள் மலைச் சாலை வழியே எடோவுக்குப் போகும். ஜாடிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, அந்தஸ்து உண்டு. எதிரே பெரிய பிரபு வந்தாலும் அவர் பல்லக்கை விட்டு இறங்கி ஓரமாக நின்று தலை வணங்க வேண்டும். பிரபுவுக்கே அந்தக் கதி என்றால் எங்களைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் முதல் நாளே சாலையைக் கூட்டி, மணல் பரப்பி, வாசலில் முழங்காலிட்டு, ஜாடி கடந்து போகும்வரை தரையை ஆராய்ந்துகொண்டிருப்போம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எறும்புகளைப் பற்றி இருக்கிற அறிவு வேறு எந்த ஊர்க்காரனுக்கும் கிடையாது.

இந்தச் சாலையின் மேற்பார்வைக்கு எங்கள் பிரபு நியமித்திருந்த அதிகாரி நிராசாகி குன்தாயு. இடுப்பில் இரண்டு வாள், முகத்தில் எப்போதும் வயிற்று வலிக்காரனின் களை. சட்டம் சொன்னதை மட்டும் செய்கிறவனை அவருக்குப் பிடிக்காது. சட்டம் சொல்ல மறந்ததையும் ஞாபகமாகச் செய்வார். நாயைக் கட்டு என்று சட்டம் சொன்னால் சேவலை மலைக்கு அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார். கூரையில் புகை வரக் கூடாது என்று சட்டம் சொன்னால் ஊதுபத்தியையும் அணைக்கச் சொல்லுவார். ஒரு வருஷம் நிறைமாசக் கர்ப்பிணி ஒருத்தியிடம் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். அவளும் பொறுத்தாள் என்பது ஊர்ப் பேச்சு. நான் பொறுப்பேற்க மாட்டேன். சாவடியில் எழுத்து வேலை பார்க்கிறவன் நான். எழுதச் சொன்னதை மட்டும்தான் எழுதுவேன்.

ஒஷிமோவின் கணவன் ஹன்ரோகு. சாவடியில் சுமை தூக்குகிறவன். மூன்று ஆள் மூட்டையை ஒரு ஆளாகத் தூக்கி, கூடவே மோசமான குரலில் பாடவும் செய்வான். மூட்டையின் சொந்தக்காரர்கள் பாட்டுக்குப் பயந்து முன்னால் நடந்துவிடுவார்கள். ஒரு ஐந்தாம் மாதம் பதினோராம் தேதி வயிற்றுப்போக்கில் செத்துப் போனான். அவன் செத்ததில் அரசாங்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அப்புறம் நடந்ததில்தான் சம்பந்தம்.

மறுநாள் காலை வழக்கப்படி மரத் தொட்டியில் சடலத்தை உட்கார வைத்து, மூங்கில் கழியில் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். எரிகாடு சாலைக்கு அந்தப் பக்கம். சாலை ஓரத்தில் குன்தாயு குதிரையில் நின்றார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"எரிகாட்டுக்கு எஜமான்," என்றாள் ஒஷிமோ. "சாலையத் தாண்டினாப் போதும். பத்து அடி. ஓடியே தாண்டிர்றோம்."

"ஜாடி வர்ற பாதையில பொணமா?"

"ஜாடி இன்னும் நாலு ஊருக்கு அந்தாண்ட இருக்குன்னாங்களே எஜமான்."

"தீட்டுக்கு நாலு ஊரு ஒரு தூரமா? போ, போ. ஜாடி கடந்த பிறகு வா."

ஒஷிமோ சேற்றில் விழுந்தாள். நெற்றி மண்ணில் பட்டது. "வெயிலும் மழையுமா இருக்கு எஜமான். உடம்பு தாங்காது."

குன்தாயு குதிரையில் இருந்தபடியே விசிறியால் அவள் கொண்டையைத் தட்டினார். "இன்னும் கீழ." அவள் இன்னும் கீழே போனாள். அப்போது அவர் சொன்ன வார்த்தை ஊரில் இன்றைக்கும் புழங்குகிறது. "தேயிலை கெட்டுப்போனா நாட்டுக்கே கேடு. உம் புருஷன் இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு?"

கூட நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதிகாரி நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. ஆனாலும் நாங்கள் கட்டுப்பாடான ஜனங்கள்.

கீழே ஆற்றில் வெள்ளம். ஜாடிகள் அக்கரையிலேயே தங்கிவிட்டன. ஐந்து நாள். ஹன்ரோகு விறகுக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே இருந்தான். புகைத் தடையினால் ஒரு ஊதுபத்தி கூட ஏற்ற முடியவில்லை. அந்த ஐந்து நாளும் ஊரில் எல்லோருக்கும் மூக்கு இருந்தது, ஒருவருக்கும் வாய் இல்லை. ஒஷிமோ கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து வைக்கோல் செருப்பு பின்னினாள். ஈ விரட்டினாள். திரும்பவும் பின்னினாள். பதினாறாம் தேதி ஜாடிகள் கடந்து போயின. தேயிலை நலமாக இருந்ததாகக் கேள்வி. பதினேழாம் தேதி ஹன்ரோகுவை எரித்தார்கள்.

எலும்பைப் பொறுக்கி அவள் முள்ளங்கி ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். கோயில் குரு தொன்னே ஓடி வந்தார்.

"ஏம்மா, எலும்பைப் புதைக்காம வீட்டுலயா வைப்பாங்க?"

"புதைக்க மாட்டேன் சாமி. அந்தாளு தலை என் வீட்டுக்காரரு முன்னாடி மண்ணுல படணும். பட்டதும் புதைக்கிறேன்."

"அவரு வாள் கட்டின சாமுராய். சுமைக்காரனுக்கு எதுக்கும்மா குனிவாரு?"

"அது எனக்கும் புரியலதான். ஜாடிக்குள்ள இருக்கிறவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"வஞ்சத்தை மனசுல வச்சுக்கிறது பாவம்மா."

"மனசுல எங்க வச்சேன்? ஜாடியிலதான வச்சிருக்கேன்."

குரு போய்விட்டார். அவர் படித்த சாத்திரத்தில் ஜாடியைப் பற்றி எதுவும் இல்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நம் அரசாங்கம் பழி வாங்குவதற்கு எதிரானது இல்லை. சாமுராய் ஒருவனின் தகப்பனை எவனாவது கொன்றுவிட்டால், மகன் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அனுமதி பெற்று, எதிரியைத் தேடிப் போய் முறையாக வெட்டலாம். வெட்டிவிட்டு வந்து பதிவேட்டில் ஒப்பமிடலாம். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. சுமைக்காரன் மனைவிக்கு மட்டும் அந்த அலுவலகத்தின் சன்னல் திறப்பதில்லை. எனவே ஒஷிமோ சொந்தமாக ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் சின்ன அளவில் செய்தாள். எங்கள் ஊர்ச் சாலை ஏறிப் போகிற பருந்து மேட்டின் உச்சியில் செருப்புக்கடை அவளுடையது ஒன்றுதான். குன்தாயுவின் வேலையாள் அங்கேதான் செருப்பு வாங்க வேண்டும். எஜமானுக்கு என்று தனியாகப் பின்னித் தருவாள். பார்வைக்கு ஊரிலேயே அழகான செருப்பு. மேட்டில் பாதி இறங்கியதும் வார் அறுந்துவிடும். ஒரு அடி முன்னாலும் அறாது, பின்னாலும் அறாது. ஆறு வருஷத்தில் ஒன்பது முறை அவர் மேட்டிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கினார். குற்றம் சாலையுடையது என்று முடிவு செய்து மேலிடத்துக்கு எழுதினார். மேட்டுக்குக் கல் பாவிக் கொடுத்தார்கள். வன்மத்தால் ஊருக்கு நன்மை விளைந்ததற்கு நான் கண்ட ஒரே உதாரணம் இதுதான். ஒஷிமோவுக்கு அதில் திருப்தி இல்லை. "பின்பக்கம் பட்டு என்ன பிரயோஜனம்?" என்பாள். "நெத்தி படணும்."

வழி அவளுக்கு ஐந்தாவது வருஷம் கிடைத்தது. ஜாடிகள் வர வேண்டிய வாரம். புளித்த காடி விற்கிற வியாபாரி ஒருவன் இரண்டு ஆட்கள் தூக்க ஒரு காடி ஜாடியைத் துணி போட்டு மூடி, மணல் பரப்பிய சாலையில் அறியாமல் கொண்டு வந்துவிட்டான். தோஃபுக்கடை மாகோரோகுவுக்குக் கண் மங்கல். துணி போர்த்திய ஜாடியைக் கண்டதும் தொப்பென்று விழுந்தான். அவன் விழுந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் விழுந்தான். அரைத் தெரு விழுந்த பிறகுதான் காடி வாசனை வந்தது. ஊரே சிரித்து, வெட்கப்பட்டு, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டது.

ஒஷிமோ சிரிக்கவில்லை. கடை வாசலில் நின்று நன்றாகப் பார்த்தாள். எங்கள் ஊரில் தலைகள் ஜாடியைப் பார்த்துக் குனிவதில்லை, பக்கத்துத் தலையைப் பார்த்துக் குனிகின்றன என்று அன்றைக்கு அவள் கண்டுகொண்டாள். ஆட்சி செய்கிறவர்கள் பல தலைமுறையாகக் கட்டிக் காக்கிற ரகசியம் இது. செருப்புக்கடைக்காரிக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது.

ஆறு வருஷம் முடிந்து ஏழாம் ஆண்டு நினைவு வழிபாடு வந்தது. சாவடிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒரு மனு எழுதணும்."

"சொல்லும்மா."

"என் வீட்டுக்காரரு எலும்ப, எரிச்ச நாளான பதினேழாம் தேதி காலைல, ஜாடியில வச்சு, பல்லக்குக் கழியில தூக்கி, சாலை வழியா கோயிலுக்கு மரியாதையா எடுத்துட்டுப் போகணும். அனுமதி வேணும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் தூரிகையைப் பார்த்தாள்.

"தேயிலை ஜாடி பதினெட்டாம் தேதி வருது. பதினேழு அன்னிக்குச் சாலையில மணல் போட்டிருக்குமேம்மா."

"எழுதுங்கண்ணே. ஒண்ணையும் மறைக்காம எழுதுங்க."

ஒரு சொல்லும் மறைக்காமல் எழுதினேன். முப்பது மனுக்களோடு சேர்த்து குன்தாயுவின் முன் வைத்தேன். குடியானவர்களின் மனுவைப் படித்தால் கண் கெடும் என்பது அவர் கொள்கை. வயிற்றுக் கோளாறைப் பற்றி என்னிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டே முப்பத்தொரு முத்திரையும் வைத்து முடித்தார்.

பதினேழாம் தேதி காலை. ஒரு நாள் முன்பாகவே எல்லோரும் வாசலில் தயாராக முழங்காலிட வேண்டும் என்பது குன்தாயு சட்டத்துக்குச் சேர்த்த இன்னொரு உபரி. ஆக, மணல் புதுசு, சனம் வரிசையாக, நாய்கள் கட்டிப்போட்டபடி. மேலத் தெரு வளைவில் பல்லக்கு வந்தது.

ஹன்ரோகுவின் பழைய கூட்டாளி கோன்சோ முன்னால், இன்னொருவன் பின்னால். துவைத்த கருநீலச் சட்டை. கால்கள் ஒரே தாளத்தில் விழுந்தன. ஜாடியின் மேல் சத்திரத்துப் பழந்திரைத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். அதில் எந்தச் சின்னமும் இல்லை. சின்னம் போட்டால் கழுத்துப் போகும். சின்னமில்லாத துணிக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. "குனியுங்கள்" என்று ஒருவரும் கூவவில்லை. கூவினாலும் கழுத்துப் போகும். பின்னால் ஒஷிமோ நல்ல உடை உடுத்தி, வாயே திறக்காமல் நடந்தாள்.

மாகோரோகு விழுந்தான். அதன் பிறகு தெரு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

ஊரின் கீழ் வாசலில் குன்தாயு குதிரையில் இருந்தார். தூரத்தில் தலைகள் அலை அலையாகக் கவிழ்ந்து வருவதைப் பார்த்தார்.

"ஏய்," என்றார் வேலையாளிடம். "ஜாடி நாளைக்குத்தானே?"

"நாளைக்குன்னுதான் சொன்னாங்க எஜமான்."

"பின்ன இது என்ன?"

வேலையாள் எட்டிப் பார்த்தான். "ஜாடி, எஜமான்."

குன்தாயு யோசித்தார். அவர் யோசித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் அனாவசியமாகக் குனிந்து தலை இழந்தவன் ஒருவனும் கிடையாது. குனியாமல் நின்று இழந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. இறங்கினார். மணலில் விழுந்தார்.

பல்லக்கு அவர் எதிரே வந்ததும் ஒஷிமோ கழியைத் தொட்டாள். நின்றது.

"அக்கா, போலாமா?" என்று கோன்சோ பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான். "கால் நடுங்குது."

"நில்லு."

ஒரு குழாய் புகையிலை பிடிக்கிற நேரம் நின்றார்கள். பிறகு ஒஷிமோ மெதுவாகச் சொன்னாள். "இன்னும் கீழ."

அது குன்தாயுவின் காதில் விழுந்தது. இன்னும் கீழே போனார். தொப்பி உருண்டு சாக்கடையில் விழுந்தது.

நான் சாவடி வாசலில் முறைப்படி தரையில் கிடந்தேன். ஒரு கண்ணை மட்டும் அரசாங்கத்துக்கு விரோதமாகப் பயன்படுத்தினேன்.

அன்று மதியம் அவர் என்னைக் கூப்பிட்டு மேலிடத்துக்கு அறிக்கை சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "அறிவிக்கப்பட்ட தேதிக்கு ஒரு நாள் முன்பாக, எமது விழிப்பைச் சோதிக்கும் பொருட்டு மேலிடம் அனுப்பிய முன்னோடி ஜாடி எம் ஊருக்கு எழுந்தருளிற்று. அடியேன் நொடியில் உணர்ந்து பணிந்தேன். உடன் வந்த உயர்குல மாது ஒருவர் அடியேனின் வணக்கத்தை நேரில் திருத்தி அருளினார்."

"உயர்குல மாது, எஜமான்?" என்று கேட்டேன்.

"குரலிலேயே தெரிஞ்சுது. எழுது."

எழுதினேன். அன்று என் கையெழுத்து மிக நன்றாக வந்தது.

ஒஷிமோவுக்குத்தான் நிறைவு வரவில்லை. கோயிலில் வழிபாட்டை முடித்துவிட்டு ஜாடியை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தாள்.

"அதான் குனிஞ்சிட்டாரேம்மா," என்றேன். "புதைச்சிட வேண்டியதுதானே?"

"யாருக்குக் குனிஞ்சாரு? ஷோகுனுக்குக் குனிஞ்சாரு. என் வீட்டுக்காரருன்னு தெரிஞ்சு குனியணும். தெரியாமக் குனியறதுன்னா முதுகு வலிக்காரன் கூடத்தான் குனியறான்."

மேலிடத்தில் அறிக்கை ஐந்து அலுவலகம் ஏறி இறங்கியது. முன்னோடி ஜாடி என்று ஒன்றை யாரும் அனுப்பவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்கிறவன் எந்த அலுவலகத்திலும் உட்கார முடியாது. அதனால் முதல் அலுவலகம் இரண்டாவது அனுப்பியிருக்கும் என்று நினைத்தது, இரண்டாவது மூன்றாவதை நினைத்தது. ஏழாம் மாதம் பதில் வந்தது. குன்தாயுவுக்குப் பாராட்டும், விழா உடை ஒன்றும். கூடவே ஒரு கட்டளை: இந்த முன்னோடி ஜாடி மரியாதை ஒரு முறை நடந்துவிட்டபடியால் அது வழக்கமாயிற்று, எனவே எதையும் மாற்றாமல் வருஷா வருஷம் நடத்தவும், வரும் வருஷம் பார்வையிட ஒருவர் வருவார்.

செய்தி கேட்டு ஒஷிமோ புதுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு சாவடிக்கு வந்தாள். குன்தாயு விழா உடையில் இருந்தார். நான் ஓரமாக மை அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் முறைப்படி தரையில் கை ஊன்றினாள்.

"எஜமானுக்குப் பாராட்டு வந்திருக்காமே. ஊரே பேசுது."

"ம்."

"முன்னோடி ஜாடிக்கு நீங்க விழுந்த மாதிரி யாரும் விழுந்ததில்லைன்னு பேசுறாங்க."

"ம். செருப்ப வச்சுட்டுப் போ."

"அது என் வீட்டுக்காரரு."

"எது?"

"ஜாடி, எஜமான். உள்ள இருந்தது ஹன்ரோகு. சுமை தூக்குறவரு. அஞ்சு நாள் கொட்டகையில வச்சிருந்தீங்களே, அவருதான். அந்த உயர்குல மாது நானு."

குன்தாயுவின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது, பிறகு எதுவென்று முடிவு செய்ய முடியாமல் நின்றது. கை வாளுக்குப் போனது. "துண்டு துண்டா வெட்டிருவேன்."

"வெட்டுங்க எஜமான். வெட்டினா மேலிடத்துக்கு எழுதணும்னு சட்டம் இருக்குல்ல? நல்ல வேளை, அண்ணன் இங்கயே இருக்காரு."

நான் தூரிகையை மையில் தோய்த்தேன். "காரணம்னு ஒரு பத்தி எழுதணும் எஜமான். என்ன போடட்டும்?"

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார். "அனுமதியில்லாம மணல் சாலையில எலும்பு..." என்று ஆரம்பித்தார்.

"முத்திரை இருக்கு எஜமான்," என்றேன். "உங்களதுதான். எல்லாத்தையும் எழுதியிருந்தேன்."

கை வாளிலிருந்து இறங்கியது. "வர்ற வருஷம் எனக்குக் காய்ச்சல் வரும்," என்றார்.

"பார்வையிட வர்றவரு காத்திருப்பாரு எஜமான்," என்றாள் ஒஷிமோ. "காய்ச்சல் எறங்கினதும் வந்து விழுங்க. நாங்க எங்க போறோம்?"

அடுத்த ஐந்தாம் மாதம் வந்தது. கதை அதற்குள் ஊரில் நடமாடாத வீடு இல்லை. இரகசியம் காப்பதில் எங்கள் ஊர் பேர் போனது. ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொள்வோம்.

பதினைந்தாம் தேதி குன்தாயு என்னைத் தூது அனுப்பினார். போய்ச் சொன்னேன். "வேற ஏதாவது ஜாடிய வச்சுக் கொண்டாரச் சொல்றாரும்மா. உப்பு ஜாடி, மிசோ விழுது ஜாடி, எதுவானாலும் சரிங்கிறாரு."

"எதையும் மாத்தக் கூடாதுன்னு கடுதாசியில இருக்குன்னு சொல்லுங்கண்ணே. மேலிடத்து உத்தரவ மீற நான் யாரு?"

அன்றே அவள் குரு தொன்னேவிடம் குழி வெட்டச் சொல்லிவிட்டாள். இந்த முறை ஜாடி கோயிலிலிருந்து வீடு திரும்பாது. இது காதில் விழுந்ததும் குன்தாயுவுக்கு வேறொரு கிலி பிடித்தது. வருஷா வருஷம் என்று கட்டளை. ஜாடி மண்ணுக்குள் போய்விட்டால் மறு வருஷம் எதற்கு விழுவது, விழாவிட்டால் என்னவென்று எழுதுவது? பதினாறாம் தேதி பிற்பகல் வாள் இல்லாமல், சாதாரண உடையில், அவரே செருப்புக்கடைக்கு வந்தார். எனக்குச் செருப்புத் தேய்ந்திருந்தபடியால் நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா," என்றார். முதல் முறையாக அவளை அம்மா என்றார். "நாளைக்குப் புதைக்காத."

ஒஷிமோ வைக்கோலை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எம் புருஷன் பொணத்த ரெண்டாவது தடவை நிறுத்துறீங்க எஜமான்."

"அன்னிக்கு நான் கடமையச் செஞ்சேன்."

"ஆமா. நாளைக்கும் அதத்தான செய்யப் போறீங்க."

"என்ன வேணும்னாலும் கேளு. கடைக்கு வரியத் தள்ளச் சொல்றேன். கோன்சோவ மேஸ்திரி ஆக்குறேன்."

"எனக்கு வேணுங்கிறது நாளைக்குக் காலைல கிடைச்சிரும்." வாரை இழுத்துச் சோதித்தாள். "இந்தாங்க, புதுச் செருப்பு. நாளைக்குப் போட்டுக்குங்க. இது அறாது. நீங்க நேரத்துக்கு வந்து சேரணும் பாருங்க."

பதினேழாம் தேதி மழை விட்டு நல்ல வெயில். மேலிடத்துப் பார்வையாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மூக்கடைப்பு, கையில் குறிப்புத் தாள். பல்லக்கு வளைவில் தெரிந்தது. இந்த முறை மாகோரோகு கண் மங்கலால் விழவில்லை. ஹன்ரோகு வருகிறான் என்று தெரிந்தே விழுந்தான். ஐந்து நாள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த தெரு முழுக்கத் தெரிந்தே விழுந்தது. அன்றைக்குச் சிரித்த அந்த இரண்டு மூன்று பேர்தான் எல்லோரையும் விட ஆழமாக விழுந்தார்கள்.

பார்வையாளரும் விழுந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் விழுந்தது அவர் பழக்கம்.

குன்தாயு மட்டும் நின்றார். நானும் பார்த்தேன், ஒஷிமோவும் பார்த்தாள். அவர் முழங்கால் மடங்க மறுத்தது. பல்லக்கு நெருங்கியது. பார்வையாளர் தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி, நிற்கிற இரண்டு கால்களைப் பார்த்தார். தாளைத் தேடிக் கை போனது. குன்தாயு அதைப் பார்த்துவிட்டார். மடங்கினார். கைகள் மணலுக்குப் போயின. நெற்றி போனது.

பல்லக்கு நின்றது. ஒஷிமோ அவர் தலைக்கு மேலே குனிந்தாள்.

"யாரு இது?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. முகவரி விசாரிப்பது போலிருந்தது.

குன்தாயு நெற்றியை மணலில் இன்னும் அழுத்தினார்.

"பேரச் சொல்லுங்க. சொன்னாத்தான் பல்லக்கு நகரும்."

"ஹன்ரோகு," என்றது மணல்.

"மரியாதையா."

கோன்சோவின் தோளில் கழி நடுங்கியது. இந்த முறை கால் நடுக்கம் இல்லை, சிரிப்பு.

"ஹன்ரோகு ஐயா."

"தெருவுக்குக் கேக்கல."

"ஹன்ரோகு ஐயா," என்றார் குன்தாயு. மேலத் தெரு வளைவுவரை கேட்டது.

ஒஷிமோ நிமிர்ந்தாள். "போலாம் கோன்சோ," என்றாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் தாண்ட முடியாமல் போன சாலையின் நட்ட நடுவே, புது மணலில், ஊரும் ஒரு சாமுராயும் ஒரு மேலிடத்து அதிகாரியும் தரையில் கிடக்க, ஹன்ரோகு கோயிலுக்குப் போனான். உச்சிப் பொழுதுக்குள் மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். ஒஷிமோ அழுதாள் என்று குரு சொன்னார். நான் பார்க்கவில்லை. பார்வையாளருக்குக் குறிப்பு எழுத உதவி செய்துகொண்டிருந்தேன்.

"ஜாடியோட பேர அதிகாரி மூணு தரம் சொல்றாரு, இல்லையா?" என்று கேட்டார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரொம்பப் பழைய முறை மாதிரி இருக்கே. எங்க எடோவிலயே பெரிய ஜாடிகளுக்குத்தான் பேரு இருக்கு."

"ஆமாங்க," என்றேன். "மூணாவது தரம் சத்தமா."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எதையும் மாற்றாமல் வருஷா வருஷம் என்று கீழே கோடு போட்டார்.

அடுத்த ஆண்டிலிருந்து பல்லக்கில் வந்தது குன்தாயு வீட்டுச் சொந்த மிசோ ஜாடி. அவர் வீட்டுச் செலவில், அவர் வீட்டு ஆட்கள் தூக்கி வருவார்கள். அவரே விழுவார். அவரே 'ஹன்ரோகு ஐயா' என்று பெயர் சொல்லுவார். ஓய்வு பெறும்வரை பதினான்கு வருஷம் அந்த வழக்கம் ஒரு தடவையும் தவறவில்லை. ஒஷிமோ ஒவ்வொரு வருஷமும் கடை வாசலில் முழங்காலிட்டு, எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். அவர் நெற்றியில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஒரு வருஷம் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அன்று மாலை ஒஷிமோ சாவடிக்கு வந்தாள்.

"அண்ணே, மூணாவது தரம் சத்தம் பத்தல."

நான் அதை முறைப்படி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். மறு வருஷம் நன்றாகக் கேட்டது.